சிவப்பு ரிப்பன் கட்டிய மிஷின்

அந்த வயரில் இழை அறுந்திருப்பதை நான் முதலில் பார்த்தது ஒரு திங்கட்கிழமை காலையில். பார்த்த நேரத்தில் அதற்குக் கீழே ஓர் ஆள் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாழக்கிழமைதான் சொன்னேன். நடுவில் போன நாட்கள் இன்றைக்கும் என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவன். ரோட்டில் போகிற கிரேன் இல்லை. ஷெட்டுக்குள்ளே, கூரைக்குக் கீழே, இரண்டு தண்டவாளத்தின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும். அதில் தொங்குகிற சின்னக் கேபினில்தான் என் உத்தியோகம். ஏணியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கீழே நிற்கிறவர்கள் எனக்கு வெறும் ஹெல்மெட்டுகள்தான். ஒரு டன், இரண்டு டன் எடையுள்ள அச்சுகளைத் தூக்கிக்கொண்டு அந்த ஹெல்மெட்டுகளுக்குப் பக்கத்தில் போக வேண்டும். ஒவ்வொரு தூக்கலுக்கும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் லீவரைத் தொடுவேன். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் வயர் ரோப்பைப் பார்ப்பது என் முதல் வேலை. கிழிந்த பனியன் துணியால் வயரை லேசாகப் பிடித்துக்கொண்டே நீவ வேண்டும். எங்கேயாவது இழை அறுந்திருந்தால் துணி மாட்டும். மாட்டினால் எண்ண வேண்டும். கணக்கு மீறினால் தொடாதே என்று சிவப்பு டேக் தொங்கவிட்டுவிட்டு இறங்கிவிடலாம். நான் டேக் போட்டால் மேனேஜரே வந்தாலும் அதைக் கழற்ற முடியாது. பத்தாவதைத் தாண்டாத எனக்கு இந்த உலகத்தில் இருக்கிற ஒரே அதிகாரம் அதுதான்.

எங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் உண்டு. கண், சர்க்கரை, பிரஷர், உயரத்தில் நின்றால் தலை சுற்றுகிறதா, எல்லாம் பார்ப்பார்கள். முந்தின வருஷம் என் பிரஷர் கூடுதலாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "எடையைக் குறைங்க. அடுத்த வாட்டியும் இப்படி இருந்தா கேபின்ல உக்கார வெக்க முடியாது," என்றார். கேபினை விட்டு இறக்கினால் எனக்கு வேறு வேலை தெரியாது. வீட்டில் பெண்பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம்.

அப்படித்தான் மெடிக்கலுக்கு இரண்டு மாதம் முன்பு, பாகலூர் போகிற ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருக்கிற ஜிம்முக்குப் போனேன். விடியற்காலையில் பள்ளிவாசலில் பஜ்ரு தொழுதுவிட்டு நேரே போவேன். ஜிம்மை நடத்துகிறவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வாசலுக்கு நேரே ஆஞ்சநேயர் படம் மாட்டியிருக்கும். வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். முதல் நாள் நான் அந்த இடத்தில் நின்று தயங்கினேன். தொடாமல் போனால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்று பயம். மாஸ்டர் கவனித்துவிட்டார்.

"பாய், உங்க சாமிய நெனச்சுக்கிட்டு வாங்க. தூக்கறது நம்ம கைதான," என்றார்.

நல்ல மனுஷர். ஆனால் அங்கே வருகிற மற்றவர்களுக்கு என்னைப் போன்றவர்களைக் கண்டால் ஆகாது. அவர்கள் வருஷம் முழுவதும் வருகிறவர்கள். நாங்கள் சீசனுக்கு வருகிறவர்கள். ஜனவரி பிறந்ததும் வருகிறவர்கள் ஒரு கூட்டம். தை முகூர்த்தத்துக்கு முன்னால் வருகிற கல்யாண மாப்பிள்ளைகள் ஒரு கூட்டம். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடுகிறவர்கள் ஒரு கூட்டம். கடைசியில் நாங்கள், மெடிக்கல் கூட்டம். எங்களில் யாருக்கும் அங்கே பெயர் கிடையாது. "மெடிக்கல், தள்ளி நில்லு", "மாப்ள, கண்ணாடிய மறைக்காத" என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு மாதத்தில் காணாமல் போகிறவனுக்குப் பெயர் எதற்கு என்பது அவர்கள் நியாயம்.

அவர்களில் பெரிய ஆள் பர்கூர்ப் பக்கத்துக்காரர். முப்பது வயது இருக்கும். வண்டிக் கம்பெனியில் லைன் லீடர். தோள் இரண்டும் மூட்டை வைத்த மாதிரி இருக்கும். சாவி அவரிடம்தான் இருக்கும், காலையில் திறப்பவர் அவர்தான். அவர் கூடவே வருகிற இன்னொருவர் ஒல்லியாக இருப்பார். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், வாய் மட்டும் எந்தப் பாஷையிலும் நிற்காது.

"எத்தன மாசம் மெடிக்கல்?" என்று முதல் நாள் ஒல்லிக்காரர் கேட்டார்.

"ரெண்டு மாசங்க."

"எல்லாருக்கும் ரெண்டுதான். பிரஷரு எறங்கனதும் பிரியாணிக்குப் போயிருவீங்க."

சிரித்துவிட்டுப் போனேன். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

சுவரில் விதிகள் எழுதியிருந்தன. தனி ஷூ வேண்டும். துண்டு கட்டாயம். எடுத்த வெயிட்டை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். மிஷினில் உட்கார்ந்து போன் பார்க்கக் கூடாது. எழுதாத விதிகள் அதைவிட அதிகம். முக்கியமானது துண்டு. பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கத் துண்டு போடுவோமே, அதே மாதிரி ஒரு மிஷினில் துண்டு கிடந்தால் அது ஒருவருடையது. அவர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம், போன் பேசப் போயிருக்கலாம். திரும்பி வரும்வரை யாரும் தொடக் கூடாது.

இது எனக்குத் தெரியாது. வந்த முதல் வாரம், ஒரு பெஞ்சில் வெயிட் மாட்டிய கம்பி கிடந்தது, மேலே துண்டு கிடந்தது, ஆள் இல்லை. கம்பெனியில் எங்களுக்குப் பதினைந்து வருஷமாகச் சொல்லிக் கொடுத்தது என்னவென்றால், கிடக்கிற பொருளை அதன் இடத்தில் வை, துடைத்து வை. கை தானாகப் போய்விட்டது. வட்டு ஒவ்வொன்றாகக் கழற்றி ஸ்டாண்டில் வரிசையாக அடுக்கினேன். துண்டையும் மடித்து ஓரமாக வைத்தேன். பர்கூர்க்காரர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தார்.

"யாரு எடுத்தது?"

"நான்தாங்க. ஆளில்லாம கெடந்துச்சுன்னு..."

"கெடந்துச்சா. எனக்கு இன்னும் ரெண்டு செட்டு பாக்கி."

ஒல்லிக்காரர் மடித்த துண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். "அண்ணா, இஸ்திரி போடல போல. மெடிக்கல், நாளைக்குப் பொட்டியும் கொண்டாந்துருங்க."

அந்த ஹால் முழுவதும் சிரித்தது. நானே திரும்ப வட்டுகளை மாட்டிக் கொடுத்தேன். அவசரத்தில் ஒரு வட்டு காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு. அன்றைக்கு முடிவு செய்தேன், இங்கே வாயையும் கையையும் கட்டிக்கொண்டு இருப்பது என்று. மெடிக்கல் முடியும்வரைதானே.

இரண்டு மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. மெடிக்கல் அந்தச் சனிக்கிழமை. மாஸ்டர் சொந்த வேலையாகப் பெங்களூர் போயிருந்தார், வெள்ளிக்கிழமைதான் வருவார். அந்தத் திங்கட்கிழமை, நான் ஓரத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே பர்கூர்க்காரர் புல் டவுன் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மேலே ஒரு கப்பி இருக்கும், அதன் வழியாக ஒரு வயர் வரும், அதில் நீளக் கம்பி ஒன்று தொங்கும். உட்கார்ந்தபடி அந்தக் கம்பியைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும். பின்னால் இரும்புக் கட்டிகள் ஏறும். இவர் கம்பியைத் தலைக்குப் பின்னால், பிடரி வரைக்கும் இழுப்பார்.

கண் பழக்கம் விடுமா. வயரைப் பார்த்தேன். அதன் மேல் இருக்கிற பிளாஸ்டிக் உறை கப்பிக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. வெடிப்பில் பூனை மீசை மாதிரி இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று இரண்டு இல்லை, ஆறு எண்ணினேன். அந்தப் பக்கம் எத்தனையோ.

எங்கள் கம்பெனியில் ஒருமுறை வயர் அறுந்தது. நல்ல வேளையாகக் கீழே ஆள் இல்லை. விழுந்த கொக்கி சிமெண்டுத் தரையில் வெட்டிய பள்ளம் இன்னும் இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு அவருடைய பிடரியைப் பார்த்தேன். ஒரு இழுப்புக்குக் கம்பி கீழே வரும்போது வயர் விட்டால், அவர் இழுக்கிற பலம் மொத்தமும் கம்பியோடு அந்தப் பிடரியில்தான் இறங்கும். பன்னிரண்டு இழுத்தார். எழுந்தார், துண்டு போட்டார், நடந்தார், திரும்ப உட்கார்ந்தார். நான்கு செட். ஒவ்வொரு இழுப்பையும் எண்ணினேன். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டே நின்றேன். சொல்ல வேண்டியதை அவரிடம் சொல்லவில்லை.

கம்பெனியாக இருந்தால் ஒரு நிமிஷம் பொறுத்திருக்க மாட்டேன். இங்கே நான் துண்டை மடித்து வைத்த மெடிக்கல். நேற்று வந்தவன் மிஷினைக் குறை சொல்கிறானா என்பார்கள். பிளாஸ்டிக்தான் கிழிந்திருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால் மறுபடியும் அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். அதுதான் உண்மை, வேறு காரணம் ஒன்றும் இல்லை. மாஸ்டரின் போன் நம்பர் விதிப் பலகையின் அடியிலேயே எழுதியிருந்தது. அதையும் பார்த்தேன். கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒல்லிக்காரரிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"அந்த வயரு கொஞ்சம் பாக்கணும் போல இருக்குதுங்க."

"எந்த வயரு?"

"புல் டவுன்ல."

அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஏன் குரு, அதுல உக்காரப் பயமா? பயமா இருந்தா சைக்கிள்ல உக்காருங்க. மெடிக்கலுக்கு சைக்கிளே போதும்."

பர்கூர்க்காரர் காதில் விழுந்தது. "என்னாவாம்?"

"வயருக்குப் பிரஷர் பாக்கணுமாம் அண்ணா."

நான் போய் சைக்கிளில் உட்கார்ந்துவிட்டேன். சொல்லியாகிவிட்டது, என் கடமை முடிந்தது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சைக்கிள் மிதித்தபடியே கண்ணாடியில் பார்த்தேன். அன்றைக்கும் அவர் நான்கு செட் இழுத்தார். நான் பாதத்தைப் பார்ப்பேன், பிறகு தாங்காமல் கண்ணாடியைப் பார்ப்பேன். அன்று மதியம் லுஹர் தொழுகையில் எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது.

புதன்கிழமை எனக்கு ஒரு யோசனை வந்தது. வாயால் சொன்னால்தானே சிரிப்பார்கள். ஓசூரில் யார்தான் கம்பெனிக்குப் போகாதவர்? சிவப்பு டேக் என்றால் யாருக்கும் புரியும். கம்பெனி டேக்கை வெளியே கொண்டு வர முடியாது. சின்னவள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற சிவப்பு ரிப்பன் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஜிம் திறந்ததும், அவர்கள் ஷூ மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த ரிப்பனை மிஷினின் கம்பியில், கை பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நன்றாக முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கட்டும்போது பிஸ்மில்லாஹ் சொன்னேன். அதை ஒல்லிக்காரர் பார்த்திருக்கிறார்.

பர்கூர்க்காரர் மிஷினுக்கு வந்தார். ரிப்பனைப் பார்த்து நின்றார். அப்பாடா, புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இது யாரு கட்டுனது?"

"பாய்தான் அண்ணா," என்றார் ஒல்லிக்காரர். குரலில் கேலி இல்லை. "ஓதிக்கிட்டே கட்டுனாரு, நான் பாத்தன். தர்காவுல மந்திரிச்சிருப்பாங்க. போன மாசம் எம் பையனுக்குப் பயந்த காச்சலு, பள்ளிவாசல் வாசல்ல கொண்டுபோயி நிறுத்துனம். ஊதி ஒரு கயிறு கட்டுனாங்க. மறுநாளே எந்திரிச்சு ஓடறான்."

பர்கூர்க்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த மாதிரி ஒரு பார்வையை அந்த ஹாலில் யாரும் எனக்குக் கொடுத்தது இல்லை. ரிப்பனை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ரொம்ப நல்லதுங்க பாய்," என்றார்.

மெடிக்கல் இல்லை. பாய். பிறகு பின்னால் குனிந்து, எடைக்கட்டியில் குத்தியிருக்கிற பின்னைப் பிடுங்கி ஒரு கட்டி கீழே இறக்கிக் குத்தினார். அதாவது பத்துக் கிலோ கூட்டினார். உட்கார்ந்து இழுத்தார்.

நான் கட்டியது தொடாதே என்று சொல்ல. அவர்கள் அதைத் தொட்டுக் கும்பிட்டு எடையைக் கூட்டுகிறார்கள். அந்த இடத்தில் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். சொல்லாததற்கு இந்த முறை காரணம் பயம் மட்டும் இல்லை. ரொம்ப நல்லதுங்க பாய் என்று அவர் சொன்னது எனக்கு இனித்தது. இரண்டு மாதத்தில் முதல் மரியாதை. அதை உடனே விட்டுக் கொடுக்க மனசு வரவில்லை. ஓர் ஆளின் பிடரிக்கு மேலே அறுந்த வயர் தொங்குகிறது, நான் மரியாதையை ருசி பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

அவர் முடித்ததும் ஒல்லிக்காரர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கல்யாண மாப்பிள்ளை ஒருவன். எப்போதும் அந்த மிஷினில் இரண்டு பேர்தான் உட்காருவார்கள், அன்றைக்கு வரிசை நின்றது. எல்லோரும் ரிப்பனைத் தொட்டார்கள். வயர் கப்பியில் ஏறும்போது டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அறுந்த இழை கப்பியில் இடறுகிற சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது, அல்லது எனக்கு மட்டும்தான் அது என்ன என்று தெரிந்தது. நான் பாதியில் கிளம்பி வந்துவிட்டேன்.

ராத்திரி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி ரிப்பனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"சின்னவ ரிப்பன் ஒண்ணக் காணோம், பாத்தீங்களா?"

நான் எடுத்ததைச் சொன்னேன். எதற்கு என்றாள். முழுவதையும் சொன்னேன். தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"என்னைக்குப் பாத்தீங்க?"

"திங்கக்கெழம."

"இன்னைக்கு புதன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சொல்லிப் பார்த்தேன், சிரித்தார்கள் என்று ஏதாவது இழுத்திருப்பேன். அவள் கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு, "அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருக்கும்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு எழுந்து போனாள்.

வியாழக்கிழமை பஜ்ருக்குப் பிறகு நான் துஆ கேட்டுக்கொண்டு அதிக நேரம் உட்காரவில்லை. பனியன் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே போனேன். பர்கூர்க்காரர் ஷட்டரைத் தூக்கினார். அவர் விளக்கைப் போடுவதற்குள் நான் போய் புல் டவுன் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். என் துண்டை மடியில் விரித்துக்கொண்டேன். கம்பியைத் தொடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜிம்மில் இதைவிடப் பெரிய குற்றம் இல்லை. ஒரு மிஷினைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்காருவது. அதுவும் சீசன் ஆள். ஐந்து நிமிஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ரிப்பன் கட்டியவர் என்ற மரியாதை. பத்து நிமிஷம் ஆனதும் ஒல்லிக்காரர் வந்தார்.

"பாய், தியானமா?"

நான் துண்டின் நுனியைச் சரிசெய்துகொண்டேன்.

"சீட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டீங்களா? பெங்களூருக்கா, சேலத்துக்கா?"

பின்னால் சிரித்தார்கள். என் காதுக்குள் இதயம் அடிக்கிற சத்தம் கேட்டது. நாளை மறுநாள் மெடிக்கல். இந்த நேரத்தில் பிரஷர் பார்த்தால் கருவியே உடைந்துவிடும் என்று தோன்றியது. கல்யாண மாப்பிள்ளை வந்து நின்று பார்த்துவிட்டுப் போனான். கடைசியில் பர்கூர்க்காரரே வந்து எதிரில் நின்றார்.

"பாய், இழுக்கறீங்களா, எந்திரிக்கறீங்களா?"

"எந்திரிக்க மாட்டங்க."

"என்னாத்துக்கு?"

"நீங்க உக்காருவீங்க."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு மாசத்துக்கு வந்துட்டு மிஷினையே எழுதி வாங்கிட்டீங்களா? நானும் மரியாதையாத்தான் பேசறன்."

"வயரு அறுந்திருக்குதுங்க." குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "நான் கிரேன் ஓட்றவன். வயரு பாக்கறதுதான் என் பொழப்பு. இது எந்த நேரமும் விட்டுரும். நீங்க பொடனிக்கு இழுக்கறீங்க."

"அப்புறம் என்னாத்துக்கு மந்திரிச்சுக் கட்டுனீங்க?"

"மந்திரிக்கலைங்க. அது எம் பொண்ணோட ரிப்பனு. ரெட் டேக்கு மாதிரி கட்டுனன். தொடாதீங்கன்னு."

பர்கூர்க்காரர் ரிப்பனைப் பார்த்தார். பிறகு ஒல்லிக்காரர் வெடித்துச் சிரித்தார். "அய்யோ, பள்ளிக்கூட ரிப்பனையா கண்ணுல ஒத்திக்கிட்டம்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் எதற்குப் பயந்து மூன்று நாள் வாயை மூடியிருந்தேனோ அந்தச் சிரிப்பு முழுசாக வந்துவிட்டது. வந்த பிறகு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. பர்கூர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

நான் துணியை நீட்டினேன். "நான் சொல்றத நம்ப வேணாங்க. ஸ்டூல் போட்டு ஏறுங்க. கப்பிகிட்ட இந்தத் துணிய வச்சு நீவிப் பாருங்க."

அவர் ஸ்டூல் போட்டு ஏறினார். துணியால் வயரைப் பிடித்து இழுத்தார். ஒரு சாண் தூரம் வழுக்கி வந்த துணி சட்டென்று மாட்டிக்கொண்டது. கொஞ்சம் அசைத்து இழுத்தார். துணி கிழிந்தது. இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்தவர் ஸ் என்று விரலை எடுத்தார். இழை குத்தி ரத்தம் வந்திருந்தது. கப்பியை ஒட்டி அந்தப் பக்கம் விரலால் வயரை வளைத்தார். அங்கே உறைக்குள் பாதி வயர் இல்லை. நான் கீழிருந்து எண்ணியது ஆறு. நான் பார்க்க முடியாத பக்கத்தில்தான் சேதம் அதிகம்.

ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கினார். சிரிப்பு நின்றிருந்தது. அவர் குனிந்து எடைக்கட்டியின் பின்னைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். எங்கள் கம்பெனியில் பூட்டுப் போடுகிற மாதிரிதான். பிறகு அவருடைய கை தானாகப் பின்னால் போனது. பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்ப பாத்தீங்க பாய்?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"திங்கக்கெழமைங்க."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மனசுக்குள் நாட்களை எண்ணுகிறார் என்று தெரிந்தது. திங்கள் நான்கு செட். செவ்வாய் நான்கு. புதன்கிழமை பத்துக் கிலோ கூட்டி.

"சரிங்க," என்றார். நகர்ந்து போனார். அன்றைக்கு அவர் எந்த மிஷினிலும் உட்காரவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார்.

சனிக்கிழமை மெடிக்கல். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். பட்டை இறுகியபோது எனக்கு அவருடைய சரிங்க என்ற சொல்தான் ஞாபகம் வந்தது. முதல் ரீடிங் கூடுதல். நர்ஸம்மா, "பத்து நிமிஷம் வெளிய உக்காந்துட்டு வாங்க, பயப்படாதீங்க," என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஸலவாத்து ஓதி துஆ கேட்டேன். என் வேலைக்காக ஆரம்பித்த துஆ, அந்த ஆளின் பிடரிக்காக முடிந்தது. இரண்டாவது ரீடிங்கில் இறங்கியிருந்தது. ஒரு கோடு கூடியிருந்தாலும் நீங்கள் தேறியிருக்க மாட்டீர்கள் என்றார் டாக்டர். கையெழுத்துப் போட்டார். அல்ஹம்துலில்லாஹ். இன்னும் கேபினில்தான் இருக்கிறேன்.

மாஸ்டர் வந்து எல்லா மிஷினுக்கும் புது வயர் போட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் உடனே போகவில்லை. ஒல்லிக்காரர் சொன்ன மாதிரி மெடிக்கல் முடிந்ததும் காணாமல் போனவன்தான் நானும். மறுவருஷம் சீசனுக்குப் போனேன். படியேறும்போதே ஒல்லிக்காரர் சத்தம் போட்டார்.

"அண்ணா, மெடிக்கல் வந்தாச்சு. வயரக் காட்டுங்க."

மாஸ்டர் ஒரு பனியன் துணியையே எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு மிஷினாக ஸ்டூல் போட்டு ஏறி நீவிப் பார்த்தேன். இப்போது நான்கு வருஷமாக இது நடக்கிறது. நான் பார்க்காமல் புது சீசன் ஆரம்பிப்பதில்லை. எனக்கு அங்கே இன்னும் பெயர் கிடையாது, மெடிக்கல்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பர்கூர்க்காரர் இப்போதும் புல் டவுன் இழுக்கிறார். பிடரிக்கு இழுப்பதை மட்டும் விட்டுவிட்டார், நெஞ்சுக்கு இழுக்கிறார். அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி ஒருநாளும் என்னிடம் பேசியதில்லை. உட்காருவதற்கு முன்னால் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பார். நான் தலையசைப்பேன். அதற்குப் பிறகுதான் கம்பியைப் பிடிப்பார்.

துணி மாட்டவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். சீசன் முழுக்கத் தினமும் வந்ததும் அந்த வயரை என் கையால் ஒருமுறை நீவிவிடுவேன். ஆனாலும் அவர் முதல் இழுப்பை இழுத்து, கம்பி கீழே வந்து, மறுபடி மேலே போகும்வரை நான் மூச்சு விடுவதில்லை.